"இது என் சிலுவை" என்று மாத்திரையை ஒதுக்கி வைப்பவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கினால் வலி மாத்திரை மீந்துபோகிறது. புதுச்சேரியில் புற்றுநோய் முற்றியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் மருத்துவன் நான். வில்லியனூர், அரியாங்குப்பம் பக்கம் கத்தோலிக்க வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்த மார்ஃபின், தலையணைக்கடியில் ஜெபமாலையோடு கிடக்கும். மருமகள் கண்ணைக் காட்டுவார். பாட்டியைக் கேட்டால், "ஆண்டவரே அவ்ளோ பாடுபட்டாரு. இது எனக்குக் குடுத்த சிலுவை டாக்டர், சுமந்துட்டுப் போறேன்" என்பார். நோய் இடுப்பெலும்புவரை பரவியிருக்கும். பேசும்போதே கட்டில் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துவிடும்.

சிலுவை, ரோமானியர் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. சாவை இழுத்தடித்து ஊர் பார்க்க அவமானப்படுத்தும் ஏற்பாடு. அந்தக் கொடுமையில் புனிதம் ஒன்றுமில்லை. கடவுளின் மகன் நம்மேல் வைத்த அன்பால் அதுவரைக்கும் இறங்கி வந்தார், நம் பாவத்தைத் தம்மேல் ஏற்றார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பதுதான் நம் விசுவாசம். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நாங்கள் அறிவிப்பதே வீண் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். சாவும் நோவும் கடைசியில் தோற்கும் என்று நம்புகிறவர்கள் நோவுக்கு ஏன் ஊழியம் பார்க்க வேண்டும்?

இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கெத்சமனியில் இயேசுவே மன்றாடினார். "உம் விருப்பப்படி ஆகட்டும்" என்றது அதற்கு அப்புறம்தான். பவுலும் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை வேண்டினார். வலி போகட்டும் என்று கேட்பது விசுவாசக் குறைவென்றால் இவர்களை என்ன சொல்வது?

விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள்: சிலுவையில் அறையும்போது வலி மரக்க நீட்டிய, வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தை இயேசு குடிக்கவில்லையே? சரி, குடிக்கவில்லை. நீங்களும் மறுங்கள் என்று யாருக்கும் சொல்லவும் இல்லை. விசுவாசத்தின் பெயரால் வலிமருந்தை மறுப்பது கடமையா என்று மயக்க மருந்து மருத்துவர்கள் கேட்டதற்கு, அப்படிப் பொதுவான கடமை எதுவும் இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 பிப்ரவரியிலேயே பதில் சொல்லிவிட்டார். ஒருவர் மனமுவந்து கொஞ்சம் வலியை ஒப்புக்கொடுத்தால் அது அவர் முடிவு. குடும்பம் அதை அவர்மேல் சுமத்தக் கூடாது. ஜெபம் சொல்லத் தெளிவு வேண்டும் என்றால் கேளுங்கள், அளவை மாற்றித் தருகிறோம்.

மார்ஃபின் பற்றிய பயம் வேறு. அளவோடு கொடுத்தால் புற்றுநோயாளியை அது போதைக்கு அடிமையாக்கிவிடுவதில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் குறையாது, அதற்கான மருந்தும் கூடவே ஓட வேண்டும். வலி வந்தபின் தேடாமல் நேரத்துக்குப் போடுங்கள். பெரிய வெள்ளி என்று திடீரென நிறுத்தாதீர்கள், வலியோடு நடுக்கமும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும்.

ஒருசந்தி, அதாவது தவக்கால நோன்பு, என்று மாத்திரையைத் தள்ளவும் வேண்டாம். 59 வயது முடிந்தவருக்கு அந்தக் கடமையே இல்லை. நோயாளிக்கு எந்த வயதிலும் இல்லை.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் இயேசுவே தனியாகச் சுமக்கவில்லை, சீமோன் தோள்கொடுத்தார். வீட்டில் அந்த வேலை மருமகளுக்குத்தான் வந்துசேர்கிறது. அவரால் முடியாதபோது பங்குச் சாமியாரை வீட்டுக்கு அழையுங்கள். "மாத்திரையைப் போட்டுக்கம்மா" என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதவர்கள், சாமியார் ஒரு தடவை சொன்னால் தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.