சும்மா புல்லு தானேனு கேக்குறவங்களுக்கு

ஊட்டியில 14 வருஷமா டிரெக்கிங் கைடா இருக்கேன், அவலாஞ்சி கோத்தகிரி பக்கம்னு ஆளுங்களை கூட்டிட்டு போறது தான் பொழப்பு. டூரிஸ்ட் யாரும் வரலைன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

போன சீசன்ல ஒரு பைக் குரூப் வந்துச்சு. அதுல ஒரு தம்பி எதிர்ல இருந்த புல்மலையை பாத்துட்டு "அண்ணா, இங்க மரமே இல்லையே, சும்மா புல்லு தானே, மேல வரைக்கும் வண்டியை ஏத்தி ஒரு ரீல்ஸ் எடுத்துட்டு வந்துடறோம்"னான். பர்மிஷன் இல்லாம உள்ள போனா கேஸ் ஆகும்ங்கறது ஒரு பக்கம், அவனுக்கு நெஜமாவே விஷயம் தெரியல, அதனால திட்டாம பக்கத்து சரிவுக்கு கூட்டிட்டு போய் எவனோ ஜீப் ஏத்துன தடத்தை காட்டினேன். ஏத்துனப்ப டயர் அகலத்துக்கு புல்லு நசுங்கி இருந்துச்சு, அவ்ளோ தான். ரெண்டு மழைக்காலம் போனதும் தண்ணி அந்த கோட்டுலயே ஓடி ஓடி இப்ப முழங்கால் ஆழத்துக்கு அறுத்துட்டு போயிருக்கு, அங்க இன்னமும் புல்லு பிடிக்கல.

இங்க பெய்யுற மழை என்ன லேசுப்பட்ட மழையா? 2019 ஆகஸ்ட் 8 அன்னிக்கு அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ., சென்னைக்கு வருஷம் முழுக்க பெய்யுறதுல பாதிக்கு மேல. இந்த புல்லும், மலை மடிப்புல இருக்குற குட்டை மரக்காடான சோலையும், நடுவுல இருக்குற சதுப்பும் தான் மழையை உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெதுவா விடுது, அது தான் பவானியா இறங்கி கோபி பக்கம் வயல்ல பாயுது.

ஒரு டிரெயினிங்குக்காக ஜெய்சல்மர் போயிருந்தேங்க. அங்க பாலைவன தேசிய பூங்கா 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, அங்கயும் இதே டயலாக், "சும்மா மணல் தானே". கானமயில் கூடு எல்லாம் கட்டாது, வெறும் தரையில பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை தான் வைக்கும், தடத்தை விட்டு ஓடுற ஜீப்புக்கு அது கண்ணுலயே படாது (நம்ம தமிழ்நாட்டுலயும் ஒரு காலத்துல இருந்த பறவை தான் அது). மணல் மேல கண்ணுக்கு தெரியாத நுண்ணுயிர்ங்க சேந்து ஒரு மெல்லிசான பொருக்கு கட்டி வெச்சிருக்கும், அது தான் மண்ணு காத்துல பறக்காம பிடிச்சுக்குது, ஒரு தடவை சக்கரம் ஏறுனா திரும்ப கட்டுறதுக்கு வருஷக்கணக்குல ஆகுமாம். எனக்கு நம்ம புல்மலை தான் ஞாபகம் வந்துச்சு. வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டையுமே தரிசுனு தானே கணக்கு எழுதுனாங்க, இங்க சீகையும் (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம்) யூகலிப்டஸும் நட்டு தள்ளுனது அந்த நெனப்புல தான்.

என் குரூப்ல 10 பேருக்கு மேல ஏத்துறதில்லை. ஏற்கெனவே இருக்குற தடத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா தான் நடக்கணும், சேறு இருந்தா சேத்துலயே மிதிச்சு போங்கம்பேன், ஷூ அழுக்காகும்னு ஒதுங்கி ஒதுங்கி நடந்தா ஒத்தையடிப்பாதை ரெண்டு வருஷத்துல ரோடு ஆயிடும். ஆரஞ்சு தோலு மக்கிடும்னு நெறைய பேர் தூக்கி போடுறாங்க, இந்த குளிர்ல அது மாசக்கணக்குல அப்படியே கிடக்கும்ங்க. கேம்ப் ஃபயர் கேக்கவே கேக்காதீங்க, புல்வெளியை மூடுற அந்த சீகையோட விதை நெருப்பு பட்டா தான் நல்லா முளைக்கும்.

ஷூ பத்தி தனியா சொல்லணும். ஸ்காட்ச் புரூம்னு ஒரு செடி, மஞ்சளா பூத்து போட்டோவுக்கு சூப்பரா இருக்கும், ஆனா வெளிநாட்டு செடி, புல்வெளியை மூடிட்டு வருது, விதை மண்ணுல பல வருஷம் உசுரோட கிடக்கும். அது ஷூ அடி சேத்துல ஒட்டிக்கிட்டே ஊர் ஊரா போகுது. அதான் வண்டியில ஒரு பழைய துணி துவைக்கிற பிரஷ் வெச்சிருக்கேன், ஏறுறதுக்கு முன்னாடி எல்லாரும் தேய்க்கணும், சிரிப்பாங்க, ஆனா தேய்ப்பாங்க.

2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கு வர்ற வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைன்ல எடுக்குற அனுமதி சீட்டு) வந்துடுச்சு, அடுத்த வருஷ சீசனுக்கு ஐகோர்ட்டு வார நாள்ல 6,000, சனி ஞாயிறுல 8,000 வண்டினு வரம்பும் போட்டுச்சு. நல்லது தான், நான் எதிர்க்கல. ஆனா மலை அடிவாரத்துல கல்லாறு செக்போஸ்ட்ல வண்டியை எண்ணிட்டா போதுமா, உள்ள வந்த 8,000மும் அதே நாலு எடத்துல தானே போய் நிக்குது.

இப்பவே 2030 குறிஞ்சிக்கு போன் வர ஆரம்பிச்சுடுச்சு. நீலக்குறிஞ்சி 2018ல பூத்துச்சு, 12 வருஷ கணக்கு. பூத்து விதை போட்டுட்டு செடியே செத்துடும், அந்த நேரத்துல செல்ஃபிக்கு கொத்தா ஒடிச்சா அந்த எடத்துல அடுத்த 12 வருஷத்துக்கான விதையும் போச்சு. 2018ல அப்படி ஒடிச்சு கார் பேனட்ல கட்டிட்டு போனவங்களை கண்ணால பாத்தேன். அதனால "அண்ணா கரெக்ட் ஸ்பாட் லொகேஷன் அனுப்புங்க"னு யார் கேட்டாலும் ஊட்டி ரோஸ் கார்டன் லொகேஷனை தான் தட்டி விடுறேன்.