டார்க் மணி: கறுப்புப் பணம் அன்று, பெயர்மறை நிதி

அமெரிக்கத் தேர்தல் பற்றி எழுதும்போதெல்லாம் நம் செய்தித் தளங்கள் ஒரு தொடரைத் தவறாமல் கையில் எடுக்கின்றன: செனட் தேர்தலில் கறுப்புப் பணம் பாய்கிறது என்று. மூலச் செய்தியில் இருப்பது டார்க் மணி. அது கறுப்புப் பணம் அன்று. பல வகையில் கறுப்புப் பணத்துக்கு நேர் எதிரானது.

பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ ஓர் அமைப்பு விளம்பரம் செய்கிறது. அமைப்பின் பெயர் தெரியும், செலவழித்த தொகையும் பெரும்பாலும் தெரியும். அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது மட்டும் வாக்காளருக்குத் தெரியாது. அந்தப் பணம்தான் டார்க் மணி. வாஷிங்டனில் இயங்கிய சன்லைட் ஃபவுண்டேஷன் என்ற கண்காணிப்பு அமைப்பு 2010 தேர்தலையொட்டி இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 'சன்லைட்' என்றால் வெயில்வெளிச்சம். சூரிய ஒளியே நல்ல கிருமிநாசினி என்ற கருத்தை, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான லூயிஸ் பிராண்டைஸ் 1913இல் எழுதினார். அமெரிக்க அரசியல் பேச்சில் வெளிப்படைத்தன்மை ஒளியாக உருவகிக்கப்படுவது அந்த மரபில்தான். அந்த ஒளி படாத பணம் 'டார்க்'. சொல் சுட்டுவது வெளிச்சமின்மையை. சட்டமீறல் அதில் இல்லை.

தமிழில் கறுப்புப் பணம் என்றால் வரி கட்டாத பணம், கணக்கில் காட்டாத பணம். கறுப்புப் பணத்தை ஆராய்ந்து 1971இல் அறிக்கை தந்த வாஞ்சூ குழு முதல் வெளிநாட்டு வருமானத்துக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டம் வரை, 2016 நவம்பர் 8 இரவு அறிவித்த பணமதிப்பிழப்பு வரை, இந்தப் பொருளில்தான் அச்சொல் வேரூன்றியிருக்கிறது. வீடு வாங்கும்போது "ஒயிட்ல எவ்வளவு, பிளாக்ல எவ்வளவு" என்று கேட்பவருக்கு அகராதி தேவையில்லை. (சிலர் 'கருப்புப் பணம்' என்றும் எழுதுகிறார்கள். 'கருப்பு' என்பதற்குப் பஞ்சம் என்ற தனிப்பொருள் உண்டு. நிறத்துக்கு றகரமே சரி.) கறுப்புக்கு எதிர் வெள்ளை. டார்க் மணியோ முழுக்க வெள்ளை. வங்கி வழியாக வருகிறது, பதிவு பெற்ற அமைப்பின் கணக்கில் ஏறுகிறது, அமைப்பு ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் படிவத்தில் தொகையும் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்கும் படியில் கொடுத்தவர் பெயர் மட்டும் இருப்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செனட்டரின் கணக்கைப் புரட்டினால் போதும். அரிசோனாவின் ஜான் மெக்கெய்ன் கடற்படை விமானியாக இருந்தவர், வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க்கைதி. 1982இல் பிரதிநிதிகள் சபைக்கும், 1986இல் பேரி கோல்ட்வாட்டர் விட்ட இடத்தில் செனட்டுக்கும் தேர்வானார். 2018 ஆகஸ்டில் இறக்கும்வரை செனட்டர். அமெரிக்கத் தேர்தல் பணத்தின் மூன்று வகையும் அவருடைய அரசியல் வாழ்வில் வந்துபோயின. எதற்கும் 'கறுப்புப் பணம்' என்ற பெயர் பொருந்தாது.

முதல் வகை, வேட்பாளரின் கணக்கில் நேரடியாக ஏறும் நன்கொடை. தேர்தல் பிரசார நிதிச் சட்டத்துக்கு 1974இல் வந்த திருத்தம் இதற்கு வரம்பு வைத்தது: ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர். கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல் ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என இரண்டாகக் கணக்கிடுவார்கள். வரம்பு இப்போது விலைவாசியோடு ஏறுகிறது. 2025-26க்கு 3,500 டாலர், இரண்டு தேர்தலுக்கும் சேர்த்து 7,000. மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் கொடுத்தவரின் பெயர், முகவரி, தொழில், வேலை தருபவர் எல்லாவற்றையும் தேர்தல் ஆணையத்துக்குத் தர வேண்டும். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது.

இந்த வகைப் பணத்தில்தான் மெக்கெய்ன் முதலில் சிக்கினார். ஃபீனிக்ஸ் தொழிலதிபர் சார்லஸ் கீட்டிங்கும் அவருடைய உறவினர்களும் ஊழியர்களும் 1982க்கும் 1987க்கும் இடையில் அவருக்கு ஏறத்தாழ 1,12,000 டாலர் தந்திருந்தார்கள். ஆளுக்கு வரம்பு இருந்ததால் பல பெயர்களில் வந்த பணம். 1987 ஏப்ரலில் கீட்டிங்கின் லிங்கன் சேமிப்பு நிறுவனத்தை விசாரித்துக்கொண்டிருந்த அரசு அதிகாரிகளை, அவரிடம் நன்கொடை பெற்ற ஐந்து செனட்டர்கள் அழைத்துப் பேசினார்கள். மெக்கெய்ன் அவர்களில் ஒருவர். 1989இல் லிங்கன் மூழ்கியது. ஆயிரக்கணக்கான முதியவர்களின் சேமிப்பு போனது. 1991இல் செனட் நெறிமுறைக் குழு மெக்கெய்ன் விதி எதையும் மீறவில்லை, ஆனால் சரியாக யோசித்து நடக்கவில்லை என்று முடிவு சொன்னது. மோசமான கதைதான். ஆனாலும் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் ஆணையத்தின் ஏட்டில் இருந்தன. செய்தியாளர்கள் கூட்டிப் பார்க்க முடிந்ததே அதனால்தான்.

இரண்டாம் வகை, வேட்பாளருக்குத் தராமல் கட்சிக்குத் தருவது. கட்சி வளர்ச்சிக்கு என்று சொல்லித் தந்தால் வரம்பே இல்லை. நிறுவனமும் தொழிற்சங்கமும்கூடத் தரலாம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் இரு கட்சிகளும் இப்படித் திரட்டியது ஏறத்தாழ 50 கோடி டாலர். ஆங்கிலத்தில் இதற்குச் சாஃப்ட் மணி என்று பெயர். தமிழில் 'மென்பணம்' என்று எழுதுகிறார்கள். மென்பொருள் என்று பழகிய வாசகர் மென்பணம் என்றதும் கணினிக் காசையே நினைப்பார். 'வரம்பில்லாக் கட்சி நிதி' என்றால் விளக்கமே தேவையில்லை. மெக்கெய்னும் விஸ்கான்சின் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டும் கொண்டுவந்து 2002 மார்ச்சில் கையெழுத்தான சட்டம் இதைத் தடைசெய்தது. முதனிலைத் தேர்தலுக்கு 30 நாளும் பொதுத்தேர்தலுக்கு 60 நாளும் முன்பிருந்து, வேட்பாளர் பெயரைச் சொல்லும் தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களுக்கு நிறுவனங்களும் சங்கங்களும் தங்கள் சொந்தப் பணத்தைச் செலவிடக்கூடாது என்றும் சொன்னது. வேட்பாளரே திரையில் தோன்றி இச்செய்திக்கு நான் ஒப்புதல் அளிக்கிறேன் என்று சொல்லும் வழக்கமும் இச்சட்டம் தந்தது.

மூன்றாம் வகையான டார்க் மணிக்கு வருவோம். 2010 ஜனவரி 21இல் சிட்டிசன்ஸ் யுனைட்டெட் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் நிறுவனச் செலவின் மீதான அந்தத் தடையை நீக்கியது. அதே தீர்ப்பில் எட்டு நீதிபதிகள், செலவழிப்பவர் தம்மை வெளிப்படுத்த வேண்டும் என்ற விதி செல்லும் என்றார்கள். பெயரை மறைக்கலாம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இதைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டை வேறிடத்தில் இருந்தது. ஓர் அமைப்புக்குப் பணம் தந்தவர் அந்தக் குறிப்பிட்ட விளம்பரத்துக்கு என்று சொல்லித் தந்திருந்தால்தான் பெயரை வெளியிட வேண்டும் என்று ஆணையம் விதியைக் குறுக்கி வைத்திருந்தது. அப்படி எழுதிக்கொடுத்துப் பணம் தருபவர் யார்? வரிச்சட்டத்தின் 501(சி)(4) பிரிவில் பதிவான 'சமூக நல' அமைப்புகளுக்கு, அரசியல் முதன்மை வேலையாக இல்லாதவரை, கொடையாளர் பட்டியலை வெளியிடும் கடமையும் இல்லை. 2012 தேர்தலில் இவ்வகைச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டியது. இந்தப் பிரிவின் பெயரை அப்படியே 'சமூக நல அமைப்பு' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வதும் தவறு. நம் வாசகர் ரத்ததான முகாமை நினைப்பார். 'சமூக நலன் என்ற பெயரில் பதிவான அமைப்பு' என்று எழுத வேண்டும்.

பணம் போகும் பாதையையும் பாருங்கள். ஒரு நிறுவனம் (சி)(4) அமைப்புக்குக் காசோலை தருகிறது. அந்த அமைப்பு சூப்பர் பேக் எனப்படும் செலவுக்குழுவுக்குத் தருகிறது. சூப்பர் பேக் தன் கொடையாளர்களைக் கட்டாயம் வெளியிட வேண்டும், வெளியிடுகிறது. பட்டியலில் (சி)(4) அமைப்பின் பெயர் இருக்கும், நிறுவனத்தின் பெயர் இருக்காது. ஆகவே சூப்பர் பேக் பணம் எல்லாமே டார்க் மணி என்று எழுதுவதும் பிழை. சங்கிலியில் எத்தனையாவது கண்ணியில் பெயர் அறுந்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 2012இல் கலிஃபோர்னியாவின் மக்கள் வாக்கெடுப்புப் பிரசாரம் ஒன்றுக்கு அரிசோனா அமைப்பொன்றிலிருந்து 1.1 கோடி டாலர் வந்தது. பின்னால் தோண்டியபோது அதற்கு முன் இரண்டு அமைப்புகள் வழியாக அது கைமாறி வந்திருந்தது தெரிந்தது. 2013இல் அம்மாநிலக் கண்காணிப்பு ஆணையம் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தக் கைமாற்றம் அம்மாநிலச் சட்டத்தை மீறியதால் அபராதம். மற்றபடி இந்த வழி சட்டப்படி திறந்தே கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் 'கறுப்புப் பணம்' என்ற மொழிபெயர்ப்பு செய்யும் கேடு தெரிகிறது. சட்டம் அனுமதிக்கும் ஒன்றைச் சட்டவிரோதம் என்று அது வாசகரிடம் சொல்கிறது. வாசகர் அப்படியானால் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஏன் இதை அனுமதிக்கிறார்கள் என்ற உண்மையான கேள்வி அவருக்கு எழவே எழாது.

நம் நாட்டுக் கதையை எழுதும்போது குழப்பம் இன்னும் முற்றுகிறது. 2018 முதல் விற்ற தேர்தல் பத்திரங்களை ஸ்டேட் வங்கியில், அடையாள ஆவணம் தந்து, வங்கிக் கணக்கிலிருந்துதான் வாங்க முடியும். முழு வெள்ளைப் பணம். வாங்கியவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. அச்சு அசலாக டார்க் மணி. அரசு சொன்ன நியாயம், தேர்தலில் கறுப்புப் பணத்தை ஒழிப்பது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அந்த நியாயம் போதாது, வாக்காளரின் அறியும் உரிமை பறிபோகிறது என்று சொல்லித் திட்டத்தை ரத்து செய்தது. டார்க் மணிக்கும் கறுப்புப் பணம் என்று எழுதுபவர் இந்த வழக்கை எப்படி விளக்குவார்? கறுப்புப் பணத்தை ஒழிக்க வந்த கறுப்புப் பணத் திட்டம் என்றா? இரண்டு சொல் இல்லாமல் அந்தத் தீர்ப்பைத் தமிழில் சொல்லவே முடியாது.

மாற்றுச் சொற்கள் சில உலவுகின்றன. 'இருண்ட பணம்' சொல்லுக்குச் சொல் வைத்தது. தமிழில் இருண்ட காலம் உண்டு, இருண்ட வீடு உண்டு, பணம் இருளாது. 'நிழல் பணம்' என்பது நிழல் உலகத்தோடு சேர்ந்து மறுபடியும் குற்றத்துக்கே இழுக்கிறது. 'மறைமுகப் பணம்' கேட்கச் சரிபோலத் தோன்றும். ஆனால் மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்று அச்சொல் நேரடியல்லாதது என்ற பொருளில் நிலைத்துவிட்டது. 'அநாமதேய நன்கொடை' இவற்றுள் நெருங்கி வருகிறது, அதனாலேயே அதிகம் ஏமாற்றுகிறது. அநாமதேயம் என்றால் கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்கும் தெரியாது. கோயில் உண்டியலில் போடுவது அநாமதேயம். டார்க் மணியில் அமைப்பு நடத்துபவருக்குக் கொடுத்தவரை நன்றாகத் தெரியும், பயன்பெறும் அரசியல்வாதிக்கும் தெரிய வாய்ப்புண்டு. தெரியாதவர் வாக்காளர் ஒருவரே. தவிர, அமெரிக்கச் சட்டத்தில் அநாமதேய ரொக்கம் என்பது தனி வகை. 50 டாலர் வரைதான் வேட்பாளர் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் சட்டத்தை விளக்கும் இடத்தில் முட்டிக்கொள்ளும்.

நன்கொடை என்ற சொல்லும் இங்கே சரியில்லை. இந்தப் பணம் வேட்பாளர் கைக்குப் போவதே இல்லை, அவரை ஆதரித்தோ எதிர்த்தோ வேறொருவர் செலவழிப்பது. தேர்தல் நிதி, கட்சி நிதி என்று நமக்குப் பழகிய 'நிதி' போதும். மறைவது பணம் அன்று, பெயர். ஆகவே பெயர்மறை நிதி. மறைத்த, மறைக்கின்ற, மறைக்கும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை, ஊறுகாய் போல. மறைப்பவர் யார், விதியா கொடையாளரா அமைப்பா என்று சொல்லாமலே நிற்பதும் இதற்கு ஒரு வசதி. 'பெயர்மறை' இலக்கணக் கலைச்சொல் போல ஒலிக்கிறது, எதிர்மறையை நினைவூட்டுகிறது என்ற மறுப்பு எழலாம். 'நிதி' அடுத்து வந்ததும் அந்த மயக்கம் போய்விடும். கட்டுரையில் முதன்முறை வரும்போது 'கொடுத்தவர் பெயரை மறைத்த தேர்தல் நிதி' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு பெயர்மறை நிதி என்று சுருக்கலாம்.

கூடவே வரும் 'இன்டிபென்டென்ட் எக்ஸ்பெண்டிச்சர்' என்பதைச் 'சுதந்திரமான செலவு' என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். வேட்பாளரோடு கலந்து பேசாமல் செய்யும் செலவு அது. 'வேட்பாளர் கலவாச் செலவு' என்க. கலந்து பேசினால் அது நன்கொடையாகிவிடும், வரம்பும் வந்துவிடும். சட்டத்தின் மையமே அந்தக் கலத்தல்தான். 'சுதந்திரம்' அந்த மையத்தை அழித்துவிடுகிறது.

கொடையாளர் பெயர்களை வெளியிடக் கட்டாயப்படுத்தும் மசோதா 2010இல் செனட்டில் 59-39 வரை வந்தும், மேற்கொண்டு நகரத் தேவையான 60 வாக்கு இல்லாமல் நின்றது. மெக்கெய்னும் எதிர்த்தே வாக்களித்தார். 2012இல் அதே மெக்கெய்ன், ரோட் ஐலண்டு செனட்டர் ஷெல்டன் வைட்ஹவுஸோடு சேர்ந்து, மாண்டனா மாநில வழக்கொன்றில் கட்டற்ற நிறுவனச் செலவுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் மனு தந்தார். அவருடைய அரிசோனாவில் 2022 நவம்பரில் வாக்காளர்கள் பெரும்பான்மையாக ஏற்ற 211ஆம் முன்மொழிவு, மாநிலத் தேர்தல்களில் பெரும் விளம்பரச் செலவு செய்யும் அமைப்புகள் 5,000 டாலருக்கு மேல் தந்தவர்களை, இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும், வெளியிட வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் 'ஒரிஜினல் சோர்ஸ்' என்ற தொடர் ஏற்கெனவே 'அசல் ஆதாரம்' என்று தமிழில் வரத் தொடங்கிவிட்டால் திருத்துவது கடினம். ஆதாரம் என்றால் நமக்குச் சான்று. அங்கே பேசப்படுபவர் சங்கிலியின் முதல் கண்ணியில் தம் சொந்தப் பணத்தைத் தந்தவர். அவர் 'முதற்கொடையாளர்'.