பக்கிள்: கன்னத்திலிருந்து இடுப்புக்கு வந்த சொல்

பள்ளிச் சீருடையின் பெல்ட்டிலும், காரின் இருக்கை வாரிலும், புத்தகப்பையின் தோள்வாரிலும் உள்ள பூட்டும் பொருளைப் ‘பக்கிள்’ என்கிறோம். ‘பெல்ட் கொக்கி’ என்பவர்களும் உண்டு. அன்றாடப் பேச்சில் எதைச் சொன்னாலும் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். இடைக்கால ஐரோப்பாவின் அகழாய்வுகளில் கிடைத்த உடையணிப் பொருள்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். அந்த மண்ணில் கொக்கி ஒரு பொருளாகவும் பக்கிள் வேறொரு பொருளாகவும் கிடைக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதினால் படிப்பவர் குழம்பிப் போவார்.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீன் மொழியில் ‘புக்கா’ என்றால் உப்பிய கன்னம். அதன் குறுமை வடிவம் ‘புக்குலா’, அதாவது சின்னக் கன்னம். தலைக்கவசத்தில் கன்னத்தை மூடும் பகுதிக்கும், கேடயத்தின் நடுவே புடைத்து நிற்கும் குமிழுக்கும் இச்சொல் பெயராக வழங்கியது. பழைய பிரெஞ்சில் அது ‘போக்ல்’ ஆகி, கேடயக் குமிழையும் பின்னர் உலோக வளையத்தையும் குறித்தது. குமிழ் உடைய கேடயத்துக்குப் ‘பூக்ளியே’ என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். ஆங்கிலத்தில் சிறு கேடயத்தைச் சுட்டும் ‘பக்ளர்’ அதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்துக்குள் ‘பக்கிள்’ பதிவாவது ஏறத்தாழ 1300ஐ ஒட்டி. இன்றைய பிரெஞ்சில் ‘பூக்ல்’ என்பது வார்வளையத்தையும் குறிக்கும், சுருள்முடியையும் குறிக்கும், காதணியின் பெயரிலும் இடம்பெறும். சுமை தாங்காமல் தூண் வளைந்து புடைப்பதைப் பொறியாளர்கள் ‘பக்ளிங்’ என்பதிலும் அந்த உப்பிய கன்னம்தான் மறைந்திருக்கிறது.

ஆக, சொல்லின் வேர் புடைப்பைச் சொல்கிறதே தவிர, பொருளின் வேலையைச் சொல்லவில்லை. தமிழில் பெயர் வைக்க வேண்டுமானால் வேலையைத்தான் பார்க்க வேண்டும். பக்கிள் என்பது படச்சட்டம் போல நடுவில் திறந்த ஒரு சட்டம், அதன் குறுக்கே அல்லது ஓரத்தில் ஒரு தண்டு, அந்தத் தண்டில் சுழலும் ஒரு முள் ஆகியவை சேர்ந்த அமைப்பு. வாரின் ஒரு முனை தண்டில் நிலையாகக் கட்டப்பட்டிருக்கும். மறுமுனை சட்டத்துக்குள் நுழைந்து வர, முள் அதன் துளையில் ஏறிச் சட்டத்தின் விளிம்பில் படுத்துக்கொள்ளும். வாரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கு முள் இன்னும் அழுந்தி உட்காரும். கொக்கிக்கு இந்தச் சட்டம் கிடையாது. இங்கிலாந்தில் 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான மண்ணடுக்குகளில் கிடைக்கும் கொக்கித்தகடுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: முக்கோணமாகவோ வட்டமாகவோ ஒரு சிறு தகடு, ஒரு பக்கம் துணியோடு வைத்துத் தைக்க இரண்டு துளைகள், மறுபக்கம் வளைந்த கூர்முனை, அவ்வளவுதான்.

பக்கிள்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அந்நகரத்தார் ஆற்றுக்குள் மரத்தடுப்புச் சுவர் எழுப்பி, அதன் பின்புறம் நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பி நிலத்தை அகலப்படுத்தினார்கள். 1970களிலும் 1980களிலும் அங்கே அகழ்ந்தபோது, காற்றுப் புகாத ஈரச் சேற்றில் தோலும் பட்டும்கூட மட்காமல் கிடந்தன. தடுப்பு மரங்களின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்தது, குப்பை அடுக்குகளின் காலத்தை நெருக்கமாகச் சொல்ல உதவியது. வேறிடங்களில் தனிச் சட்டமாக மட்டும் கிடைக்கும் பக்கிள், இங்கே தோல்வாரோடும் காலணியோடும் சேர்ந்தே கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் காலணிகளில் இருந்தவை விரல் நகம் அளவுக்குச் சிறியவை: வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த வட்டச் சட்டம், நடுவில் ஒரு தண்டு, அதில் வளைத்து மாட்டிய இரும்பு முள். பலவற்றில் முள் துருவாய்க் கரைந்து, சட்டத்தில் ஒரு பழுப்புக் கறையாக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

இந்த வெள்ளீயப் பொருள்களுக்குப் பின்னால் ஒரு தொழில் வழக்கும் உண்டு. 1327இல் மூன்றாம் எட்வர்டு மன்னர் இலண்டன் அரைக்கச்சைத் தொழிலாளர் குழுவுக்கு வழங்கிய ஆவணம், பட்டு, கம்பளி, தோல், நார் எதனால் செய்த கச்சையானாலும் பித்தளை வகை, செம்பு, இரும்பு, எஃகு ஆகியவற்றைவிட மட்டமான உலோகத்தால் அணி செய்யக் கூடாது என்றது. மண்ணுக்குள் கிடப்பதோ வேறு கதை: தடை நடப்பிலிருந்த காலத்து அடுக்குகளிலும் ஈய-வெள்ளீய அணிகள் கிடைக்கின்றன. கடைசியில் 1391இல் இத்தகைய வெள்ளை உலோகத்தைப் பயன்படுத்த நாட்டின் சட்டமே இடம் கொடுத்துவிட்டது. பளபளப்பாகவும் இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்கும் வாங்குவோரை எந்தக் காலத்து ஆணை தடுத்திருக்கிறது?

இதற்கு நேரெதிர் முனையில் இருப்பது சட்டன் ஹூ புதையலின் தங்கப் பக்கிள். 1939இல் கிழக்கு இங்கிலாந்தில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த கப்பல் புதைகுழியில் கிடைத்த அதன் நீளம் 13.2 சென்டிமீட்டர், எடை 412.7 கிராம், நம் கணக்கில் ஐம்பது பவுனுக்கு மேல். பின்னிப் பிணைந்த 13 உயிரினங்கள் அதன் மேல் நெளிகின்றன. உள்ளே வெற்றிடம்; பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும். முகப்பில் மூன்று குமிழ்கள் புடைத்து நிற்கின்றன. ‘புக்குலா’ என்ற சொல்லைத் தெரியாத ஒரு பொற்கொல்லன் அந்தச் சொல்லுக்கே படம் வரைந்து வைத்தது போலிருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘கொளுக்கி’ என்ற பழைய சொல் அகராதியில் இருக்கிறது. ஆனால் அதன் பொருளும் கொக்கியை ஒட்டியதுதான். யாழ்ப்பாணத்தில் சட்டையை ஆணியில் ‘கொழுவுவார்கள்’. அந்த வினையிலும் மாட்டுவது தெரிகிறதே ஒழிய, இறுக்குவது தெரியவில்லை. நம் உடை சுற்றிக் கட்டுவதும் செருகுவதும் முடிச்சிடுவதுமாக இருந்ததால், அரைஞாணுக்கும் கச்சைக்கும் பெயர் வைத்த மொழி இந்தக் கருவிக்கு வீட்டுப் பெயர் வைக்கவில்லை. ஆகவே கூட்டுச்சொல்தான் வழி. ‘வார்ப்பூட்டு’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வார் என்பது செருப்பு வாரில் இன்றும் உயிரோடிருக்கும் சொல். பூட்டு என்பது கதவுப் பூட்டுக்கு மட்டும் உரியதன்று, ஏரில் மாடு பூட்டுவதையும் வில்லில் நாண் பூட்டுவதையும் சொல்வது. ஒரேயொரு இடர், ஒற்று மிகுவதால் இதை ‘வார்ப்பு’ என்று பிரித்து, வார்த்துச் செய்த பொருள் என்று யாராவது கொள்ளக்கூடும். இலண்டன் சேற்றில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வார்த்துச் செய்தவையே என்பதால் அந்தப் பிழையாலும் பெரிய கேடில்லை.

ஆங்கிலத்தார் முள்ளை நாக்கு என்றும் சொல்வார்கள். தராசிலும் கடிகாரத்திலும் நமக்கு முள் இருக்கும்போது அந்த நாக்கை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. வாரின் நுனியில் உறையாகப் பொருத்தும் உலோகத்தை ‘வார்முனை’ எனலாம். அருங்காட்சியகக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதினால் இப்படி அமையும்: “காலணி வார்ப்பூட்டு, ஈய-வெள்ளீயம், வட்டச் சட்டம், நடுத்தண்டு, இரும்பு முள் சிதைந்துள்ளது, இலண்டன், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி.”