பாதி பில் ஏன் வருவதில்லை?

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். இரவு எட்டு மணி, கடையில் நல்ல கூட்டம். ஒரு பில்லைச் சேமிக்கத் தட்டிய நொடியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ்ஸும் காலை வாரிவிட்டது. கரண்ட் வந்து கணினியைப் போட்டுப் பார்த்தால் முந்தைய பில்கள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. அந்தக் கடைசி பில் மட்டும் அடியோடு இல்லை. "இருந்தா முழுசா இருக்கு, இல்லைன்னா இல்லவே இல்ல. பாதி பில்லுன்னு ஒண்ணை நான் பாத்ததே இல்லையே தம்பி, அது எப்படி?"

சாதாரணக் கேள்வி இல்லை இது. திரையில் பில் ஒரே தாளாகத் தெரிந்தாலும், உள்ளே அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1970-இல் கணினி நிறுவனமான ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் சொன்ன வழியில், இன்றைய தரவுத்தளங்களில் (தகவல்களைச் சேமித்துப் பராமரிக்கும் மென்பொருள்களில்) பெரும்பாலானவை எல்லாவற்றையும் அட்டவணைகளாகப் பிரித்து வைக்கின்றன. பன்னிரண்டு பொருள் கொண்ட ஒரு கடன் பில் என்றால் பில் அட்டவணையில் 1 வரி, பொருள் அட்டவணையில் 12 வரி, சரக்கு இருப்பில் 12 திருத்தம், வாடிக்கையாளர் பாக்கியில் 1 திருத்தம். மொத்தம் 26. டிஸ்கில் இவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். பதினைந்தாவதை எழுதும்போது கரண்ட் போனால் துவரம்பருப்பு இருப்பில் குறைந்திருக்கும், பாக்கி ஏறியிருக்காது.

இதற்கான விடை அண்ணாச்சியின் அப்பா காலத்துக் கணக்கிலேயே இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி நடப்பதை நடந்த வரிசையில் நாள்வழியில் எழுதுவார். கூட்டம் ஓய்ந்த பிறகு அதைப் பார்த்து, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். தரவுத்தளமும் அப்படியே; அதற்கு அந்த அட்டவணைகள்தான் பேரேடு. பேரேட்டில் கைவைப்பதற்கு முன் நாள்வழியில் எழுதியாக வேண்டும் என்பது மீறவே கூடாத விதி. இந்த நாள்வழிக்கு ரைட்-அஹெட் லாக், அதாவது முன்கூட்டியே எழுதும் பதிவேடு என்று பெயர், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'வால்'. வரி மேல் வரியாகப் பின்னால் நீண்டுகொண்டே போவதால் தமிழிலும் பொருத்தமான பெயர்தான்.

வாலில் ஒரு வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'பில் 4127, துவரம்பருப்பு இருப்பு, பழையது 40, புதியது 38.' எல்லா வரிகளும் எழுதிய பின் கடைசியாக '4127 முடிந்தது' என்று ஒரு வரி. அந்த வரி டிஸ்கில் பதிந்த பிறகுதான் 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொல்லலாம். பேரேட்டுப் பக்கங்கள் அப்போதும் நினைவகத்திலேயே இருக்கலாம். மெதுவாக டிஸ்குக்குப் போய்ச் சேரட்டும், அவசரமில்லை.

சரி, கரண்ட் போய் வந்தபின் என்ன நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தரவுத்தளம் முதலில் வாலைப் படித்து, 'முடிந்தது' என்ற வரி இல்லாத பில்கள் எவை என்று பார்க்கிறது. அவற்றைத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் எழுதும் என்றுதானே நினைப்போம்? இல்லை. பாதியில் நின்றவை உட்பட அத்தனையையும் திரும்பச் செய்து, கரண்ட் போன அந்த நொடிக்கே பேரேட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒவ்வொரு பக்கத்திலும், அதில் கடைசியாக ஏறிய வால் வரியின் எண் இருக்கும். அதனால் ஏற்கெனவே ஏறியது இரண்டாம் முறை ஏறாது. அப்புறம்தான் முடியாத பில்களைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது: 38 மீண்டும் 40 ஆகிறது. இப்படி அவிழ்ப்பதையும் வாலில் எழுதிவைக்கிறது! சரிசெய்துகொண்டிருக்கும்போதே மறுபடி கரண்ட் போனால், அவிழ்த்ததையே திரும்ப அவிழ்க்காமல் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊர் மின்சாரத்தை மனதில் வைத்தே யோசித்தது போல இருக்கும்.

ஏரீஸ் என்ற இந்த முறையை 1992-இல் விரிவாக எழுதி வெளியிட்ட ஐபிஎம் குழுவில் முதல் பெயர் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்தவர். இந்த வேலை நடந்தது கலிபோர்னியாவில். கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்ட வேலைக்கு வருடக்கணக்கில் சம்பளம் கொடுக்க நம் ஊரில் எந்த நிறுவனம் தயாராக இருக்கிறது என்று எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சர்வருக்குக் குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார்கள். டிஸ்க் நிறைந்த ஒரு நாள், 'வெறும் லாக்தானே' என்று வால் கோப்புகளை அழித்தவர்களும் அவர்களே. எலுமிச்சை ஒன்றும் செய்யவில்லை. இது உலகம் முழுக்க நடந்த கூத்து. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அந்தக் கோப்புறையின் பெயரில் 'லாக்' என்று இருந்ததால், தேவையில்லாத பழைய குறிப்புகள் என்று நினைத்துப் பலரும் அழித்துத் தொலைத்தார்கள். 2017-இல் வந்த பத்தாம் பதிப்பில் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

டிஸ்கே செத்துவிட்டால் வாலும் கூடவே போய்விடும், அதற்கு வேறு இடத்தில் ஒரு நகல் வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவைத்தேன். காணாமல் போன அந்த பில்லை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கரண்ட் போனதுமே, டார்ச் வெளிச்சத்தில் சோப்பு அட்டையின் பின்னால் வரிசையாக எழுதிக் கூட்டி வைத்துக்கொண்டாராம். கரண்ட் வந்ததும் அதைப் பார்த்து மறுபடி அடித்தாராம்.