தடுப்பூசிக்குப் பின் உடம்புக்கு ஏதாவது செய்தால்: காத்திருப்பு விதியும் தெரிவிக்கும் உரிமையும்

ஊசி போட்டதும் "கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்பார் நர்ஸ். பாதிப் பேர் அதைச் சம்பிரதாயம் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். 15 முதல் 30 நிமிடம் வரையிலான இந்தக் காத்திருப்பு, அனாஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமைக்காக வைத்தது. ஏறக்குறைய 10 லட்சம் டோஸுக்கு ஒருவருக்குத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் அந்த அரைமணிக்குள் வந்து, மளமளவென்று முற்றும்.

இதையும் சாதாரண மயக்கத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஊசியைப் பார்த்தே பயந்த பையன் எழுந்து நாலடி நடப்பதற்குள் முகம் வெளுத்து, வியர்த்து, சரிகிறான். நாடி மெதுவாக அடிக்கிறது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் கண் திறக்கிறான். அது பயத்தால் வந்த மயக்கம். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிழுப்பு, வாந்தி, வேகமான பலவீனமான நாடி என்றால் அது ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின். எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.5. அடங்காவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் இங்கே பெரிய தப்பு. தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிக்க வேண்டும், சிலருக்கு மறுபடி கிளம்பும்.

மற்றவற்றுக்கு நாட்களை எண்ணுங்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போகும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அது உடம்பில் பெருக நேரமெடுப்பதால் காய்ச்சலும் தடிப்பும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். ஊசியையே மறந்துபோன எட்டாம் நாள் ராத்திரி குழந்தைக்கு அனல் பறந்தால் இதையும் நினைத்துப் பாருங்கள். அபூர்வமாக வலிப்பும் வரலாம். ரோட்டாவைரஸ் சொட்டு மருந்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, காலை மடக்கி, மலத்தில் ரத்தம் போனால் குடல் சொருகலாக (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து அடைப்பது) இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. எம்ஆர்என்ஏ வகை (ஃபைசர், மாடர்னா போன்ற) கோவிட் ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள் இளைஞருக்கு நெஞ்சு வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது, அதுவும் சின்னம்மை ஊசிக்குப் பின் 6 வாரத்துக்குக் கண்டிப்பாகக் கூடாது.

இனி, இப்படி நடந்ததைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பது. ஊசிதான் காரணம் என்று நிரூபித்தால்தான் சொல்லலாம் என்று எந்த விதியும் இல்லை. ஊசிக்குப் பின் நடந்தது, அது போதும். பல நாடுகளில் பெற்றோரே நேரடியாகத் தெரிவிக்கலாம். காரணம் பிரிப்பது விசாரிப்பவர்கள் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது ஐந்து: மருந்தின் இயல்பு, தயாரிப்புக் குறை, போட்ட முறையில் பிழை, பயம், தற்செயல். மரணம், உயிராபத்து, ஆஸ்பத்திரிச் சேர்க்கை, நிலையான ஊனம் என்றால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்.

சொல்லி என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் ரோட்டாஷீல்ட் என்ற ரோட்டாவைரஸ் சொட்டு மருந்துக்குப் பின் குடல் சொருகல் என்று வந்த தகவல்கள் வெறும் 15. அதைக் கொண்டே 1999 ஜூலையில் அதைப் போடுவதை நிறுத்திவைத்தார்கள்; அக்டோபரில் நிறுவனமே திரும்பப் பெற்றது.

தெரிவிப்பதும் இழப்பீடு கேட்பதும் ஒன்றல்ல. யார் தவறு என்று காட்டாமலே இழப்பீடு தரும் திட்டத்தை 1961-இல் மேற்கு ஜெர்மனி தொடங்கியது. இப்போது பல நாடுகளில் உண்டு, எல்லா நாட்டிலும் இல்லை. அதற்குத் தனி மனு, தனிக் கெடு. அமெரிக்காவில் பாதிப்புக்கு முதல் அறிகுறியிலிருந்து 3 ஆண்டு.

இரண்டுக்குமே கேட்கப்படுவது ஊசியின் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), போட்ட தேதி, அறிகுறி தொடங்கிய நேரம். தடுப்பூசி அட்டையில் தொகுதி எண் எழுதியிருக்கிறதா என்று அந்த அரைமணி உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.