பாறையைச் சுட்ட ஊர்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். தோட்ட வேலிக்குக் கல்கம்பம், மாட்டுக் கொட்டகைக்குக் கல்தூண், பழைய வீட்டின் பின்புறம் துணி துவைக்க ஒரு கல் பலகை. வெடிமருந்தும் மெஷினும் வருவதற்கு முன் இந்த வட்டாரத்துப் பாறையிலிருந்து பலகை உரித்தது உளியும் தீயும்தான். பாறை மேல் விறகைப் பரப்பி நிதானமாக எரிப்பார்கள். தீயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை மாறினால் அடியில் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம்.

பாறைக்கு வெப்பத்தைக் கடத்தத் தெரியாது. அடுப்பில் வைத்த கனமான தோசைக்கல்லைவிடப் பல மடங்கு மந்தம். மேல்தோல் சூடேறி விரியும்போது அரை அடி ஆழத்தில் இருக்கும் கல் குளிர்ந்தபடியே கிடக்கிறது. மேலே இருப்பது விரிய இடம் கேட்கிறது, கீழே இருப்பது விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் இரண்டுக்கும் நடுவே விரிசல் ஓடுகிறது. தீ மென்மையாக இருந்தால் முழுப் பலகை கிடைக்கும். மூர்க்கமாக எரித்தால் பாறை சிதறி நொறுங்கும். 573 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாறையில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் படிக அமைப்பே மாறிச் சட்டென உப்பிவிடும். பலகை வேண்டுபவருக்கு அது நஷ்டம். உள்ளேயிருக்கும் தாதுவை வேண்டுபவருக்கோ அதுதான் லாபம்.

அந்த லாபத்திலேயே பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர், சுவீடனில் இருக்கும் ஃபாலுன். அங்குள்ள தாமிரச் சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிய கிறிஸ்தவ ஆயரின் (பிஷப்பின்) பத்திரம் 1288-ஆம் ஆண்டுக்குரியது. அன்றைக்கே பங்குகள் கைமாறியிருக்கின்றன என்றால் சுரங்கம் அதற்கும் மூத்தது. மாலையில் பாறை முகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்திவிட்டு வெளியேறுவார்கள். காலையில் வந்து தளர்ந்த கல்லைப் பெயர்ப்பார்கள். தாதுவை மேலே இழுக்கும் கயிற்றை மாட்டுத் தோலில் திரித்தார்கள். தோல் போக மிஞ்சிய இறைச்சியில் பிறந்ததாகச் சொல்லப்படும் ‘ஃபாலுகோர்வ்’ தொத்திறைச்சி இன்றும் சுவீடன் முழுக்க விற்கிறது.

தாதுவில் தாமிரத்தோடு இரும்பும் கந்தகமும் கட்டிப்புரண்டு கிடந்தன. கந்தகத்தை விரட்டத் தாதுவைத் திறந்தவெளியில் குவித்து வறுத்தார்கள். புகையாகக் கிளம்பியது கந்தக டை ஆக்ஸைடு. ஈரத்தில் கலந்தால் அமிலம். நம் மாமரத்துக்கு ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’ என்று பெயர் வைத்த லின்னேயஸ் 1734-இல் ஃபாலுனுக்குப் போனார். சுற்றுவட்டாரத்தில் செடிகொடி முளைக்க முடியாதபடி அந்தப் புகை மண்ணை அரித்துவிட்டதாக எழுதினார். தாவரங்களுக்காகவே வாழ்ந்த மனிதர், அதை எப்படித் தாங்கினாரோ! (ஐந்து வருடம் கழித்து அந்த ஊர்ப் பெண்ணைத்தான் கல்யாணம் செய்துகொண்டார் என்பது வேறு விஷயம்.)

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தாமிரத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. வெள்ளி தட்டுப்பாடாக இருந்த சுவீடன், 1644-இல் ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள தாமிரத் தகட்டையே காசாக அடித்தது. பேராசை சுரங்கத்துக்குள்ளும் புகுந்தது. ஆளுக்கொரு திசையில் குடைந்தார்கள், தாங்கி நின்ற தூண்களைச் சுரண்டினார்கள். 1687 ஜூனில், நடுக்கோடைத் திருநாளன்று, குழிகளுக்கு இடையே இருந்த சுவர்கள் சரிந்து எல்லாம் ஒரே பெரும்பள்ளமாயின. விடுமுறை என்பதால் ஒருவரும் சாகவில்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 1677-இல், சுரங்கத்துக்குள் போன மாட்ஸ் என்ற இளைஞர் திரும்பவில்லை. 1719-இல் நீர் நிறைந்த ஒரு பழைய சுரங்கப் பாதையில் உடல் கிடைத்தது. நேற்று இறந்தவர் போல இருந்தார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் கிழவியாகிவிட்ட ஒரு பெண் வந்து, இவர்தான் எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் என்றார்.

உடலை அழுகவிடாமல் வைத்திருந்தது நமக்குத் தெரிந்த சரக்குதான். இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, காற்றும் நீரும் பட்டால் இரும்பு சல்பேட்டாகக் கரைகிறது. தர்மபுரி நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கேட்டால் பச்சையாகப் பொட்டலம் கட்டித் தருவார்களே, அதேதான். மாட்ஸ் நாற்பத்திரண்டு வருடம் அன்னபேதிக் கரைசலில் ஊறிக் கிடந்திருக்கிறார். அமிலமும் உப்பும் சேர்ந்த அந்த நீரில் அழுக வைக்கும் நுண்ணுயிர்கள் பிழைக்க முடியாது.

அன்னபேதியைப் புடம் போட்டால் செந்தூரமாகும் என்பது சித்த வைத்தியர்களுக்குப் பழகிய விஷயம். சூட்டில் நீரும் கந்தகமும் விலக, சிவந்த இரும்பு ஆக்ஸைடு மிஞ்சுகிறது. ஃபாலுனும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. தாமிரம் குறைவாக இருக்கிறதென்று ஒதுக்கிய கல் குவியல் குவியலாக மழையில் ஊறி மட்கியது. அந்தக் காவி மண்ணை அலசி, சூளையில் சுட்டு, கம்பு மாதிரி அங்கே விளையும் ரை தானிய மாவுக் கஞ்சியில் ஆளிவிதை எண்ணெயோடு காய்ச்சினால் சிவப்புப் பெயின்ட். மாவு சேர்ந்த அந்தப் பூச்சு மரத்தை மூச்சுவிட அனுமதிப்பதால் ஈரம் உள்ளே தங்காது. சுவீடனின் கிராமத்து மரவீடுகள் படங்களில் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

சுரங்கம் 1992 டிசம்பரில் மூடப்பட்டது. பெயின்ட் மட்டும் அந்தக் கழிவுக் குவியலிலிருந்தே இன்னும் தயாராகிறது.