கதிர்வீச்சும் கதிரியக்கமும்

செல்பேசிக்கும் 'ரேடியேஷன்', அணு உலைக்கும் 'ரேடியேஷன்'. ஒரே சொல் என்பதால் அச்சமும் ஒன்றாகிவிடுகிறது. தமிழில் கதிர்வீச்சு, கதிரியக்கம் என இரண்டு சொற்கள் இருந்தும், அவற்றை மாற்றி மாற்றி எழுதிக் குழப்பத்தை நாமே வளர்க்கிறோம்.

ரேடியேஷனின் வேர் 'ரேடியஸ்' என்னும் லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்காலையும் ஒளிக்கீற்றையும் அது குறித்தது. ரேடியோ, ரேடியம் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. தமிழில் ஞாயிற்றின் ஒளி கதிர். நெல் முற்றி நீள்வதும் கதிர். நூல் நூற்கும் கருவியின் ஊசியும் கதிர்தான். மெலிந்து நீள்வது என்ற சாயல் மூன்றிலும் உண்டு. அப்படிப்பட்ட கதிரை வீசுவது கதிர்வீச்சு. அலையின் பெரும அலைவையும் இயற்பியலில் 'வீச்சு' என்றே சொல்வது மட்டும் சற்று இடறும்.

மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அலைந்தபடி, ஊடகம் எதுவும் இல்லாமலே நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பரவுவதுதான் மின்காந்தக் கதிர்வீச்சு. 1865-இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கணக்கில் கண்டதை 1880-களின் இறுதியில் இன்னொரு இயற்பியலாளரான ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் காட்டினார். ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை எல்லாம் இதுவே. நம் கண்ணுக்கு எட்டுவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிறு பட்டை மட்டும்.

'மின்காந்த அலை' என்றாலே போதாதா? 1905-இல் ஐன்ஸ்டைன் ஒளியை ஆற்றல் பொட்டலங்களாகவும் கருத வேண்டும் என்றார். 'அலை' என்றால் பாதி உண்மை விடுபடுகிறது. அலையா துகளா என்று கட்சி சேராத 'கதிர்வீச்சு' எனக்கு அதனாலேயே பிடிக்கிறது.

கதிரியக்கம் வேறு. நிலையற்ற அணுக்கரு தானாகச் சிதையும் நிகழ்வு அது. 1896-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெக்கெரல் அதைக் கண்டறிந்தார். அதில் வெளிப்படும் காமா, மின்காந்தக் கதிர்வீச்சு; ஆல்ஃபாவும் பீட்டாவும் துகள்கள். மெழுகுவர்த்திச் சுடரிலும் கதிர்வீச்சு உண்டு, கதிரியக்கம் இல்லை. செல்பேசியும் அப்படியே: அதன் அலைகளுக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் ஆற்றல் கிடையாது.

இன்னொரு உறுத்தல். சிவப்புக்கு அப்பால் இருப்பதை 'அகச்சிவப்பு' என்றும், ஊதாவுக்கு அப்பால் இருப்பதைப் 'புறஊதா' என்றும் எழுதுகிறோம். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் பட்டைக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒன்று மட்டும் எப்படி அகமாயிற்று? இலங்கைத் தமிழில் வழங்கும் 'செந்நிறக்கீழ்', 'ஊதாக்கடந்த' இரண்டும் லத்தீன் மூலத்துக்கும் ('இன்ஃப்ரா' என்றால் கீழே, 'அல்ட்ரா' என்றால் அப்பால்) இயற்பியலுக்கும் நெருக்கமானவை.